காகிதத்தில் வந்த பூட்டு

துபாய்
17.9.2023

அன்புள்ள அக்கா நிவேதாவுக்கு,

தம்பி அஜய் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது, நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதை முதலில் எழுது.

வேலையில் சேர்ந்துவிட்டேன். மீன் கெடாமல் இருக்க ஐஸ் செய்யும் கம்பெனி. எத்தனை பெட்டி வெளியே போகிறது என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். மூட்டை தூக்கவில்லை என்று அம்மாவிடம் சொல். இந்த ஊரில் வாட்ஸ்அப்பில் பேசத் தடை. நம் மலையில் டவரே இல்லை, என் போனும் வந்த அன்றே கெட்டுவிட்டது. அதனால் கடிதம்தான் நமக்கு. வாணியம்பாடிக்காரர் ஒருவர் பழக்கமாகியிருக்கிறார். அவருடைய தபால் பெட்டி எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன், அதற்கே போடு.

நாம் இருவரும் எழுதின 'சேதி' ஆப் எப்படிப் போகிறது? முனியன் அண்ணன் ஜீப்பில் போன் பை இறங்குகிறதா? பெரியம்மாள் அத்தை இன்னும் அதைத் தொட்டால் போன் வெடிக்கும் என்கிறாரா? அதில் நான் எழுதின பூட்டு ஒழுங்காக வேலை செய்கிறதா? இங்கே வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்கெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.
அஜய்


புதூர்நாடு
8.10.2023

அன்புள்ள அஜய்க்கு,

இங்கே அனைவரும் சுகம். அம்மாவின் முழங்கால் மழைக்கு வலிக்கிறது, வெயிலுக்கு விடுகிறது. சாமை அறுப்பு நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் ஒப்பந்த வேலையை இன்னும் ஆறு மாதம் நீட்டியிருக்கிறார்கள். நீ இளைக்காமல் இரு.

போன வாரம் சசிகலா வந்தாள். நெல்லிவாசல் பக்கம் இருந்து கட்டிக்கொண்டு வந்த புதுப் பெண். புருஷன் காப்பித் தோட்டத்துக்குப் போகிறானாம், 'சேதி' எதற்கு என்று கேட்டாள். விளக்கினேன். ஏஜெண்ட் ஆள் எடுத்ததும் முதலில் போனைப் பிடுங்கித்தான் பார்ப்பான். அதனால் போகிறவன் மூன்று கேள்விக்குப் பதில் போட்டு அனுப்ப வேண்டும். எங்க இருக்கே? யாரு கூட்டினு போனது? இன்னா சொல்லிக் கூட்டினு போனாங்க? அனுப்பிய நொடியில் அது பூட்டிக்கொள்ளும். அனுப்பியவன் போனிலேயே திரும்பப் படிக்க முடியாது. இங்கே முனியன் அண்ணன் எல்லாப் பெண்களின் போனையும் பையில் போட்டுக்கொண்டு மலை இறங்கும்போது, டவர் கிடைக்கும் வளைவில் சேதிகள் வந்து விழும். சாயங்காலம் பை மேலே வந்ததும் அவரவர் ரகசிய எண்ணைப் போட்டால்தான் திறக்கும்.

சசிகலா கேட்டாள்: "அப்ப எங்க வூட்டுக்காரர் எனக்கு எழுதறத முனியண்ணன் படிக்க முடியாதா? பாவம், அந்தாளுக்குப் பொழுதே போவாதே."

ஒரு சிக்கல். பெரியம்மாள் அத்தை போனில் சேதி திறந்தால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வருகிறது. பூட்டு உன் கைவேலை, எனக்குப் பிடிபடவில்லை. அரசு கொடுத்த மடிக்கணினியும் மழையில் நனைந்து செத்துவிட்டது. திருப்பத்தூரில் தமிழ்மணி அண்ணனின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்த்தான் எதையும் பார்க்கிறேன். நம் நிரல் முழுவதும் இப்போது நிரல்களைச் சேமித்து வைக்கும் அந்த அமெரிக்க இணையதளத்தில் மட்டும்தான் இருக்கிறது. அது எங்கே ஓடிவிடப் போகிறது? நம் இருவருக்கும் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல்தானே. உனக்கு எங்காவது நெட் கிடைத்தால் திறந்து சரிபண்ணு.

அருணகிரி மாமா வந்திருந்தார். நீ துபாயில் ராஜா மாதிரி இருப்பதாகச் சொன்னார். உன்னை அனுப்பி வைத்தவர் என்று அம்மா கோழி அடித்து, களி கிண்டிப் போட்டாள். தன் அண்ணன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
நிவேதா


துபாய்
29.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும்.

கட்டம் சரியாகிவிட்டது! வெள்ளிக்கிழமை ஆபீசில் ஆளில்லை. நம் கணக்கைத் திறந்து நிரலை இந்தக் கம்ப்யூட்டரில் இறக்கிப் பார்த்தேன். பழைய போன்களில் தமிழ் எழுத்தைப் பாதியில் வெட்டிப் பூட்டியிருக்கிறேன், என் தப்பு. திருத்தி மேலே ஏற்றிவிட்டேன். அத்தையிடம் இனி தைரியமாகத் திறக்கச் சொல். இங்கே வந்து சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு நாள்தான் என்று எழுதினால் நீ தப்பாக நினைப்பாய். வேலை பழகாததால் அப்படி.

அம்மா என் போட்டோ கேட்பாள் என்று தெரியும். கம்பெனிக்குள் போட்டோ எடுக்கக் கூடாது. வெளியே போகும்போது பார்க்கிறேன்.

மாமா மறுபடி வந்தால் கோழி அடிக்க வேண்டாம். இருக்கிறதே நாலு கோழி.

அஜய்


புதூர்நாடு
23.11.2023

அன்புள்ள அஜய்,

அம்மா சுகம், நான் சுகம். நம் நிரல் சுகமில்லை.

நேற்று தமிழ்மணி அண்ணன் கடையில் நம் கணக்கைத் திறந்தேன். திறக்கவில்லை. ஓர் அறிவிப்பு மட்டும் வந்தது. அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் பொருளாதாரத் தடைகளும் உள்ள ஒரு நாட்டிலிருந்து இந்தக் கணக்கு பயன்படுத்தப்பட்டிருக்கிறதாம். அதனால் பொதுவில் வைக்காத நிரல்களை முடக்கிவிட்டார்களாம். தவறு என்றால் வசிக்கும் இடத்துக்கு ஆவணம் கொடுத்து முறையிடலாமாம். எந்த நாடு என்று சொல்லவில்லை. தடை உள்ள நாடுகளின் பெயர்களை அண்ணன் தேடிப் பார்த்தார். கியூபா, ஈரான், வடகொரியா, சிரியா. துபாய் அதில் இல்லவே இல்லை.

நான் திருப்பத்தூரைத் தாண்டவில்லை. கணக்கைத் திறந்த இன்னொரு ஆள் நீதான்.

ஏதோ எந்திரத்தின் குழப்பம் என்று அண்ணன் சொல்கிறார். இருக்கட்டும். உன் விசா ஒட்டிய பக்கத்தையும் பாஸ்போர்ட் முதல் பக்கத்தையும் நகலெடுத்து உடனே அனுப்பு. நீ துபாயில் இருப்பதைக் காட்டி முறையிடுகிறேன். தோட்டத்துக்கு ஆள் எடுக்கிற ஜீப்புகள் மலையேற ஆரம்பித்துவிட்டன. புதிதாகக் கேட்கிறவர்களுக்கு 'சேதி'யைப் போட்டுக் கொடுக்க முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். நகல் முக்கியம்.

குளிர் இருந்தால் போர்த்திக்கொண்டு படு.
நிவேதா


துபாய்
20.12.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவின் காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

அது எந்திரத்தின் தவறாகத்தான் இருக்கும். முறையீடு எல்லாம் வேண்டாம், அலைச்சல். புதிதாகக் கணக்கு ஒன்று ஆரம்பித்துவிடு. பாஸ்போர்ட் கம்பெனி பீரோவில் இருக்கிறது, நகல் எடுக்க இப்போது தோதில்லை.

வேலை அதிகம். வேறு விசேஷம் இல்லை.

அஜய்


புதூர்நாடு
9.1.2024

அஜய்,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை உபசாரத்துக்காகக் கேட்கவில்லை.

புதுக் கணக்கு ஆரம்பிக்கலாம். அதில் எதைப் போடுவது? பூட்டு முடங்கிய கணக்குக்குள் கிடக்கிறது. தமிழ்மணி அண்ணன் கடையில் பூட்டுக்கு முந்தின பழைய பிரதி ஒன்று கிடைத்தது. அவசரத்துக்கு அதைப் போட்டுக் கொடுத்தேன். சசிகலாவின் புருஷன், தோட்டத்தில் சொன்ன வேலை வேறு, கொடுக்கிற வேலை வேறு என்று அவளுக்கு எழுதியிருக்கிறான். பை டீக்கடையில் இருந்தபோது ஏஜெண்டின் ஆள் ஒருவன் அவள் போனை எடுத்துப் படித்துவிட்டான். மறுநாள் அங்கே தோட்டத்தில் அவள் புருஷனை அடித்திருக்கிறார்கள். கை வீங்கி வந்து சேர்ந்தான். சசிகலா என்னைத் திட்டவில்லை. போனை என்னிடம் நீட்டி, "இதிலிருந்து எடுத்துடுக்கா" என்றாள். பழைய பிரதியை எல்லாருடைய போனிலிருந்தும் எடுத்துவிட்டேன். பூட்டு இல்லாமல் 'சேதி' யாருக்கும் கிடையாது.

பிறகு அந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். தகவலைப் பூட்டும் மென்பொருள் அவர்கள் கணக்கில் ஆயுதத்துக்குப் பக்கத்து வீட்டுச் சரக்கு. அவர்கள் நாட்டுக் கம்ப்யூட்டரில் வைத்ததால், மலைமேல் நாம் எழுதியதும் அவர்கள் ஏற்றுமதி செய்கிற பொருள் ஆகிவிடுகிறது. தடை உள்ள நாட்டிலிருந்து யாராவது அதைத் திறந்தால் ஏற்றுமதி நடந்ததாக அர்த்தம். நாம் வெட்கப்பட்டுக்கொண்டு நிரலை யாருக்கும் காட்டாமல் வைத்தோமே, அதுதான் நம் கழுத்தைப் பிடித்தது. நிரலை உலகத்துக்கே திறந்து வைத்திருந்தால் அந்தச் சட்டம் பெரும்பாலும் விட்டுவிடுமாம். தாளில் அச்சடித்துக் கொடுத்தாலும் தொடாதாம்.

சிரிப்பதா, காறித் துப்புவதா தெரியவில்லை. ஒரு பூட்டு எல்லை தாண்டினால் உடனே கண்டுபிடித்து மணியடிக்கிறார்கள். ஒரு ஆளை ஏமாற்றி எல்லை தாண்ட வைத்தால் எந்த மணியும் அடிப்பதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ வெள்ளிக்கிழமை லீவு என்று எழுதினாய். தமிழ்மணி அண்ணனின் மச்சான் துபாயில் இருக்கிறார். அங்கே வாரத்தில் லீவு ஞாயிற்றுக்கிழமைதானாம். தடை உள்ள அந்த நாலு நாட்டில், துபாய்க்கு எதிர்க்கரையில் வெள்ளிக்கிழமை லீவு விடுகிற நாடு எது என்று எனக்குத் தெரியும். அந்தத் தளத்துக்கும் தெரிந்திருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் தெரியாது.

நீயும் நானும் சேர்ந்து எழுதின கேள்விகள்தான். பதில் போடு.

எங்க இருக்கே?
யாரு கூட்டினு போனது?
இன்னா சொல்லிக் கூட்டினு போனாங்க?

உன் அக்கா


புதூர்நாடு
18.2.2024

அஜய்,

பதில் இல்லை. பொங்கல் போய்விட்டது. நீ எழுதியதாகச் சொல்லி நானே இட்டுக்கட்டி அம்மாவுக்கு ஒரு கடிதம் படித்துக் காட்டினேன். அம்மா கேட்டுவிட்டு, "அவன் என் காலப் பத்திக் கேக்கலியே" என்றாள்.

திட்டுவதற்காகக் கேட்கவில்லை. எழுது.

நிவேதா


பந்தர் அப்பாஸ், ஈரான்
3.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

முதல்முறையாக உண்மையான ஊர்ப் பெயரை மேலே போட்டிருக்கிறேன். உடம்பு பரவாயில்லை. விரல்களில் ஐஸ் வெடிப்பு, அவ்வளவுதான். ஆபீஸ் வேலை வாரத்தில் ஒரு நாள்தான். மீதி நாட்கள் பாளம் பாளமாக ஐஸ் தூக்குகிறேன்.

முதல் கேள்விக்கு மேலேயே பதில் இருக்கிறது. வாணியம்பாடிக்காரர் இங்கிருந்து துபாய் போகும் சரக்குப் படகில் வேலை செய்கிறார். நான் எழுதுவதை அங்கே தபாலில் போடுவார், உன்னுடையதை இங்கே கொண்டு வருவார். துபாய் தபால் தலையைப் பார்த்து நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள் என்று நினைத்தேன்.

இரண்டாவது கேள்வி. ஊரிலிருந்து கிளம்பின அன்றைக்கு நானும் 'சேதி'யைத் திறந்தேன். யாரு கூட்டினு போனது என்ற இடத்தில் அருணகிரி மாமா என்று எழுதினேன். எழுதினதும் கை கூசியது. தாய்மாமனைப் போய் ஏஜெண்ட் என்பதா? அழித்துவிட்டேன். அனுப்பவில்லை.

மூன்றாவது. துபாய், கம்ப்யூட்டர் வேலை என்றார். மும்பையில் ஒருவன் வேறு டிக்கெட்டைக் கையில் கொடுத்தான். மாமாவுக்குப் போன் போட்டேன். "எல்லாம் ஒரே கடல்தாண்டா, ஏறு" என்றார். ஏறிவிட்டேன். வந்து இறங்கியதும் பாஸ்போர்ட்டையும் போனையும் வாங்கிக்கொண்டார்கள்.

ஊருக்கே ஏஜெண்டைப் பற்றி எச்சரித்தவன், பூட்டு செய்து கொடுத்தவன், நானே போய் விழுந்தேன். அதை எப்படி எழுதுவது? அம்மா அந்த ஆளுக்குக் கோழி அடித்தாள் என்று படித்த அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நான் கணக்கைத் திறந்ததை மேனேஜர் பார்த்துவிட்டு அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து நெட்டைப் பிடுங்கிவிட்டார். ஆனால் அன்றைக்கு இறக்கின நிரல் அதிலேயே இருக்கிறது. பிரிண்டர் முதலாளி அறையில். தாளுக்குத் தடையில்லை என்று எழுதியிருந்தாயே, அதனால் பூட்டு முழுவதையும் கையால் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பதில் தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம். அடைப்புக்குறிகளைச் சிவப்பு மையில் போட்டிருக்கிறேன். ஒன்று விட்டாலும் திறக்காது, நிதானமாகப் பார்.

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று நீயே முடிவு செய். அவள் கால் எப்படி இருக்கிறது?

அஜய்


புதூர்நாடு
7.4.2024

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உன் கடிதத்தை முழுவதும் படித்தேன், ஒரு வரியும் விடவில்லை. அம்மா அழவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தாள். "இன்னொரு வாட்டி படி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். வழக்கம்போலக் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா தட்டு வைக்கவில்லை. "அண்ணா, இத்தினி நாள் இங்க சாப்புட்டதுக்கு எம் பையன் எங்க இருக்கான்னு மட்டும் சொல்லிட்டுப் போ" என்றாள். மாமா துபாய் என்று ஆரம்பித்தார். அம்மா உன் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்து அவர் முன்னால் நீட்டினாள். எழுத்து தெரியாது என்றாலும் எது உன் கடிதம் என்று தெரியும். மாமா மும்பை ஆளின் பெயரையும் நம்பரையும் கொடுத்துவிட்டுத்தான் படியிறங்கினார். அதை வைத்து வெளியுறவுத் துறையின் இணையதளத்தில் புகார் போட்டேன். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். குமாஸ்தா "பார்க்கலாம்மா" என்றார். பார்க்கிறவரை இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். அம்மாவும் கூட உட்கார்ந்தாள். மாலையில் முத்திரை விழுந்தது. நீ இருக்கும் ஊரிலேயே நம் தூதரகத்தின் கிளை இருக்கிறதாம். அங்கே தகவல் போயிருக்கிறது.

இனி பூட்டு. தமிழ்மணி அண்ணன் கடையில் உட்கார்ந்து நான் அடித்தேன். சசிகலா உன் தாள்களைப் பார்த்துச் சொன்னாள். அவளாகவே வந்தாள், நான் கூப்பிடவில்லை. "வளைஞ்ச அடைப்பு, நெளிஞ்ச அடைப்பு, ரெண்டு புள்ளி" என்று ஓதிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் தண்ணீர் பட்டு மை கரைந்திருந்தது. கடல் தண்ணீரோ என்னவோ. அங்கே மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தோம். மூன்றாவதில் பூட்டியது, திறந்தது. சசிகலா கையைத் தட்டினாள். பக்கத்தில் ரேஷன் கார்டு விண்ணப்பம் போட வந்தவர் பயந்துவிட்டார்.

என் பெயரில் புதுக் கணக்கு ஆரம்பித்து, இந்தத் தடவை எல்லாரும் பார்க்கும்படி திறந்தே வைத்துவிட்டேன். "பூட்டு எப்படிச் செய்தது என்று ஊருக்கே காட்டினால் உடைக்க மாட்டானா?" என்று அண்ணன் கேட்டார். பூட்டு எப்படிச் செய்தது என்று யாருக்கு வேண்டுமானாலும் தெரியட்டும், சாவி அவரவர் கையில் இருக்கிறது என்றேன். மறைத்து வைத்தவரை அது சரக்கு. இப்போது அது யார் சரக்கும் இல்லை.

தெம்பாக இரு. கை வெடிப்புக்கு ஏதாவது தடவு.
அக்கா


பந்தர் அப்பாஸ்
12.5.2024

அன்புள்ள அக்காவுக்கு, அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறேன். இதை நம்பி எழுதுகிறேன்.

தூதரகத்திலிருந்து ஒருவர் கம்பெனிக்கு வந்தார். முதலாளி பீரோவைத் திறந்தார். என்னுடையது மட்டுமில்லை, ஒடிசாக்காரர்கள் இருவரின் பாஸ்போர்ட்டும் வெளியே வந்தது. வெளியேறும் அனுமதிக்குச் சில வாரம் ஆகலாம் என்கிறார்கள். இப்போது தூதரகம் காட்டிய இடத்தில் தங்கியிருக்கிறோம்.

இங்கே ஒருவர் போனில் நம் 'சேதி'யைத் தேடினேன். எந்தக் கடவுச்சொல்லும் கேட்கவில்லை. அதே ஊர், அதே கடல், இந்தத் தடவை திறந்துகொண்டது. என் சிவப்பு அடைப்புகளெல்லாம் வரிசையாக நிற்கின்றன. ஒடிசாக்காரர்கள் அந்த மூன்று கேள்வியையும் தங்கள் மொழியில் எழுதிக் கேட்கிறார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், தாளை இதோடு வைத்திருக்கிறேன். சேர்த்துவிடு.

சசிகலாவின் புருஷன் கை சரியாகிவிட்டதா?

அஜய்


புதூர்நாடு
16.6.2024

அன்புள்ள அஜய்,

இந்தக் கடிதத்துக்குத் தபால் தலை இல்லை. முனியன் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். திருப்பத்தூர் ரயிலடியில் உன்னை ஏற்றிக்கொள்ளும்போது தருவார். ஜீப்பில் படித்துக்கொண்டே வா. வளைவுகளில் தலை சுற்றும், பழக்கம் விட்டுப்போயிருக்கும். ரோடு போடுவதாகச் சொல்லிப் பறித்த பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன, எதற்கும் பிடித்துக்கொள்.

நேற்று சாயங்காலம் பை மேலே வந்தது. அம்மா போனில் ஒரு சேதி பூட்டோடு கிடந்தது. தன் எண்ணை அம்மாவே போட்டாள். எங்க இருக்கே என்ற கேள்விக்கு நேராக 'வழியில்' என்று இருந்தது. மும்பையிலிருந்து அனுப்பியிருக்கிறாய். முனியன் அண்ணன் என்ன சேதி என்று நாலு தடவை கேட்டார். வழியெல்லாம் பையைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தாராம். அம்மா சொல்லவில்லை.

சசிகலாவின் புருஷன் கை சரியாகிவிட்டது. இந்த வருடம் தோட்டத்துக்கு வேறு ஆள் மூலம் போயிருக்கிறான். கிளம்பும்போதே மூன்று பதிலும் போட்டுவிட்டான். ஒடியா சேர்த்தாயிற்று. நிரலைத் திறந்து வைத்ததில் எந்த ஊர்க்காரர் என்றே தெரியாத ஒருவர், நீ வெட்டி ஒட்டியிருந்த அந்தக் கட்டப் பிரச்சினையை இன்னும் அழகாகத் திருத்தி அனுப்பியிருக்கிறார். வந்ததும் பார், உனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும்.

ஒரே ஒரு மாற்றம் நான் செய்திருக்கிறேன். உன் சேதியைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள்: "போறதுக்கு மூணு கேள்வி வெச்சீங்களே, வர்றதுக்கு ஒண்ணுகூட வெக்கலியா?" நமக்குத் தோன்றவே இல்லை, பார். இங்கிருந்து போகிறவர்கள் திரும்புவார்கள் என்று நாமே நம்பாமல் எழுதியிருக்கிறோம்.

நாலாவது கேள்வியைச் சேர்த்துவிட்டேன். வூட்டுக்கு வந்துட்டியா?

ஜீப்பிலிருந்து அழுத்தாதே. உள்ளே வந்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுத்து.

அக்கா